கேட்டதைத் தாளில் வரைந்து பாருங்கள்

வீடு திரும்பும் நாளின் பரபரப்பை எங்கள் வார்டுகளில் நாள்தோறும் காண்கிறோம். உறவினர் ஒருவர் கட்டணப் பிரிவில் வரிசையில் நிற்பார். மற்றொருவர் மருந்தகத்தில் பை நிறைய மாத்திரைகளை வாங்கிக்கொண்டிருப்பார். வாயிலில் ஆட்டோ காத்திருக்கும். நோயாளர் உடைமாற்றிக்கொண்டு கட்டிலின் விளிம்பில் அமர்ந்திருப்பார். அந்த வேளையில்தான் செவிலியர் வந்து, எந்த மாத்திரையை எப்போது உட்கொள்வது, எதை நிறுத்திவிடுவது, புண்ணில் தண்ணீர் படலாமா, மறுபடியும் எந்த நாளில் வரவேண்டும் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் கூறுவார். "புரிந்ததா?" என்று கேட்பார். எல்லோரும் தலையசைப்பார்கள். அந்தத் தலையசைப்பில் பொய் ஏதுமில்லை. கேட்ட அந்த நொடியில் உண்மையாகவே புரிந்துதான் இருக்கும். அந்தப் புரிதல் வீடுவரை உடன் வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. நோயாளர்களின் நினைவாற்றலைப் பற்றி 2003ஆம் ஆண்டில் பிரிட்டனின் ராயல் மருத்துவச் சங்க இதழில் ஒரு மீள்பார்வைக் கட்டுரை வெளியானது. மருத்துவமனையில் சொல்லப்படும் செய்திகளில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனடியாக மறந்துபோகிறது என்று அது கூறுகிறது. அதைவிடக் கவலை தருவது, நினைவில் நின்றவற்றிலும் ஏறத்தாழப் பாதி தவறாகவே நிற்கிறது என்னும் செய்தி. முற்றிலும் மறந்தவர் தொலைபேசியில் எங்களைக் கேட்பார். தவறாக நினைவு வைத்திருப்பவர் கேட்கமாட்டார்.

இதனைப் படிப்பறிவுக் குறைவு என்று யாரும் எண்ணவேண்டாம். பேச்சு ஒரு நூலிழைபோல ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவிடுகிறது. ஓடிய பின் திரும்பிப் பார்க்க அங்கே எதுவும் இருப்பதில்லை. அச்சமும் களைப்பும் சேர்ந்துகொண்டால், மருத்துவரே நோயாளராகப் படுத்திருந்தாலும் இதே கதைதான். டிஸ்சார்ஜ் சீட்டில் எல்லாம் எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். எழுதியிருக்கிறது; ஆனால் அது அடுத்து வரும் மருத்துவருக்காக எழுதப்பட்ட தாள். வீட்டில் அது பிளாஸ்டிக் உறைக்குள் பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது.

ஆகவே இந்த இதழில் எளிய பழக்கம் ஒன்றைப் பரிந்துரைக்க விரும்புகிறோம். கேட்ட அறிவுரைகளை நீங்களே ஒரு தாளில் படமாக வரைந்து பாருங்கள். ஓவியத் திறமை வேண்டியதில்லை. கட்டங்களும் கோடுகளும் அம்புக்குறிகளும் போதும். இதனை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு நோயாளரின் குடும்பம். அவர்களின் இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி, அந்த நிகழ்வை இங்கே கூறுகிறோம்.

மூன்று பேரிடம் சிதறிக் கிடந்த செய்தி

காலில் ஆறாத புண்ணுடன் வந்த மூதாட்டி ஒருவர், புண் ஆறியபின் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும் என்ற அறிவுரையோடு வீடு திரும்பினார். ஊசி போடும் முறையை மகன் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார். நான்காம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மூதாட்டி உடலெல்லாம் வியர்த்து, அரை நினைவோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். இரத்தச் சர்க்கரை 38 மில்லிகிராம். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிய சிறிது நேரத்தில் கண்விழித்து, "கோயிலில் விழுந்துவிட்டேனா?" என்று கேட்டார்.

என்ன நேர்ந்தது என்பதை அன்று மாலை அவர்களுடன் அமர்ந்து விசாரித்தோம். ஊசிக்கும் உணவுக்கும் இடையே அரைமணி நேரம் என்பது மகனுக்குத் தெரியும். அவர் ஏழு மணிக்கு ஊசி போட்டுவிட்டு வேலைக்குச் சென்றுவிட்டார். காலை உணவைத் தருபவர் மருமகள். அரைமணிக் கணக்கு அவருக்குச் சொல்லப்படவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பாட்டி அம்மன் கோயிலுக்குப் போய்வந்த பிறகே வாயில் நீர் ஊற்றுவார் என்பது வீட்டில் எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் ஊசியோடு சேர்த்து அதை நினைத்துப் பார்த்தவர் யாருமில்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தி மட்டும், "பாட்டி இன்றைக்குச் சாப்பிடாமல் போகிறாரே" என்று ஒரு நொடி எண்ணியிருக்கிறாள். ஊசியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது.

யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. வேண்டிய செய்திகள் அனைத்தும் அந்த வீட்டிலேயே இருந்தன. அவை மூன்று பேரிடம் சிதறிக் கிடந்தன. எங்கள் பக்கத்திலும் பிழை உண்டு: ஊசியைப் பற்றி மகனிடம் மட்டும் பேசிவிட்டு, சமைப்பவரை அழைத்துச் சொல்லத் தவறினோம்.

அந்தப் பேத்திதான் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கணினிப் பாடத்தில் படித்த பாய்வுப்படத்தைப்போலக் கட்டங்கள் போடத் தொடங்கினாள். முதல் கட்டத்தில் "ஊசி". அடுத்த கட்டத்தில் "சாப்பாடு". இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி. வரைந்ததும் தாயார் கேட்டார்: "அம்புக்குறிக்கு மேல் எத்தனை நிமிடம் என்று எழுது." உடனே தந்தை, "வெள்ளிக்கிழமை என்றால்?" என்றார். மூன்று நாட்களாக யாரும் கேட்காத கேள்வி, இரண்டு கட்டங்களும் ஒரு கோடும் வரைந்த மாத்திரத்தில் எழுந்துவிட்டது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே உள்ள வெற்றிடம் கண்ணுக்குத் தெரிந்ததும், அங்கே என்ன இருக்கவேண்டும் என்று மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. காதால் கேட்கும்போது அந்த வெற்றிடம் புலப்படுவதே இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு அவர்கள் கண்ட தீர்வையும் சொல்லிவிடுகிறோம். மருத்துவரைக் கலந்து, கோயிலிலிருந்து திரும்பிய பிறகு ஊசி, அதன்பின் அரைமணியில் உணவு என்று வரிசையை மாற்றிக்கொண்டார்கள். பாட்டியின் வழிபாடும் நிற்கவில்லை. (இன்சுலின் வகைக்கு வகை இந்த இடைவெளி மாறும். உங்களுக்கு எழுதிக்கொடுத்த மருந்துக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டே குறித்துக்கொள்ள வேண்டும்.)

ஒரு நாளைக் கோடாக வரைதல்

மருத்துவர் சீட்டில் 1-0-1 என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். காலை ஒன்று, பகல் இல்லை, இரவு ஒன்று. யோசித்துப் பார்த்தால் அதுவே ஒரு படம்தான். ஒரு நாளை மூன்று இடங்களாக வெட்டிவைத்த மிகச் சிறிய படம். ஒரே ஒரு மாத்திரை உட்கொள்பவருக்கு அது போதுமானது. ஏழெட்டு மாத்திரைகள் சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏனெனில், எந்த மருந்தை எத்தனை முறை என்பதைத்தான் அந்தக் குறியீடு சொல்கிறது. ஒரு மருந்துக்கும் மற்றொரு மருந்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

எடுத்துக்காட்டாக, தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தரப்படும் தைராக்ஸின் மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் விழுங்கவேண்டும். காலை உணவுக்கும் காபிக்கும் குறைந்தது அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக அது உள்ளே போயிருக்கவேண்டும். காபி அம்மருந்தைக் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துவிடுகிறது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் அதனைத் தடுக்கக்கூடியவை. அவற்றுக்கும் தைராக்ஸினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்று மருந்துகளுக்கும் சீட்டில் 1-0-0 என்று எழுதியிருந்தால், நம் வீடுகளில் என்ன நடக்கும்? உள்ளங்கையில் மூன்றையும் ஒன்றாகக் கொட்டி, கையிலிருக்கும் காபியோடு விழுங்கிவிடுவார்கள். மாதங்கள் கடந்தும் இரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு சீராகவில்லை என்று மருந்தின் அளவைக் கூட்டவேண்டியிருக்கும். மருந்தில் குறையில்லை, வரிசையில்தான் குறை.

ஒரு தாளைக் குறுக்காக வைத்து, இடமிருந்து வலமாக நீண்ட கோடு ஒன்றை இழுங்கள். இடது முனை விழித்தெழும் நேரம். வலது முனை உறங்கும் நேரம். கோட்டின்மேல் முதலில் மருந்தை எழுதவேண்டாம். உங்கள் வழக்கங்களை எழுதுங்கள்: பல் துலக்குதல், காபி, குளியல், காலை உணவு, மதிய உணவு, மாலை விளக்கேற்றுதல், இரவுச் செய்தி, படுக்கை. அதன்பிறகு கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு மருந்தையும் அதற்குரிய இடத்தில் வையுங்கள். கடிகார நேரத்தை மறப்பவர்கூடப் பல் துலக்குவதை மறப்பதில்லை. தைராக்ஸின் பல் துலக்கியவுடன் அமர்ந்துவிடும். சுண்ணாம்புச்சத்து தானாகவே மதிய உணவுப் பக்கம் நகர்ந்துவிடும். எங்காவது இரண்டு மாத்திரைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், அதையே அடுத்த வருகையில் மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வியாகக் குறித்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் அனுபவத்தைச் சொல்லவேண்டும். தொடக்கத்தில் நாங்கள் அச்சிட்டுக்கொடுத்த மருந்து உறைகளில் காலைக்கு அரைச் சூரியனும், மாலைக்கு அரைச் சூரியனும் இருந்தன. ஒன்று எழுகிறது, மற்றொன்று விழுகிறது என்பது வரைந்தவருக்குத் தெரியும். பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரு பெரியவர் இரண்டு உறைகளையும் எங்கள் முன் நீட்டி, "இதில் எது கிழக்கு?" என்று கேட்டார். அதன்பிறகு காலைக்குக் காபி தம்ளரும் டபராவும், மாலைக்குக் குத்துவிளக்கும் என்று மாற்றிக்கொண்டோம். விளக்கு ஏற்றும் வழக்கம் இல்லாத வீடுகளுக்கு வேறொன்று. படம் என்பது எல்லோருக்கும் ஒன்றாகவே தெரியும் என்ற நம்பிக்கை எங்களுக்கு அன்றோடு போயிற்று.

பிரியும் பாதைகள்

நாள் கோடு, ஒவ்வொரு நாளும் ஒரேபோல நடக்கும் செயல்களுக்கு உரியது. "இப்படி நேர்ந்தால் இதைச் செய், அப்படி நேர்ந்தால் அதைச் செய்" என்ற அறிவுரைகளுக்கு அது உதவாது. அங்கேதான் பேத்தி வரைந்த பாய்வுப்படம் தேவைப்படுகிறது. வேலையைக் கட்டங்களாகப் பிரித்து வரையும் முறை மருத்துவத்துக்கு அந்நியமானதன்று. அதனை 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தவர்கள் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்னும் தம்பதியர். செங்கல் அடுக்குவோரின் கையசைவுகளை ஆராய்ந்து தொடங்கிய பிராங்க், அறுவை அரங்குகளையும் படம்பிடித்து ஆராய்ந்தார். அறுவை மருத்துவர் கருவியைத் தேடித் திரும்பாமல், உடனிருப்பவர் அவர் கையிலேயே கருவியை வைக்கவேண்டும் என்ற யோசனை அவர் வலியுறுத்தியவற்றுள் ஒன்று. இன்று எல்லா அறுவை அரங்குகளிலும் அதுதான் வழக்கம்.

அந்தக் குடும்பம் வரைந்த இரண்டாவது படத்துக்கு வருவோம். தலைப்பு: "பாட்டிக்குச் சர்க்கரை இறங்கினால்". முதல் கட்டத்தில் அறிகுறிகள்: வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம். அதன்கீழே சாய்சதுரக் கட்டத்தில் ஒரு கேள்வி. முதலில் அவள் அங்கே எழுதியிருந்தது, "குளுக்கோமீட்டரில் அளவு 70க்குக் கீழே இருக்கிறதா?" எங்கள் மூத்த செவிலியர் அதைப் படித்துவிட்டு, "ஸ்ட்ரிப் தீர்ந்துபோயிருந்தால்?" என்றார். பேத்தி யோசித்தாள். அளந்து பார்க்க வசதியில்லாதபோது, அறிகுறி இருந்தாலே சர்க்கரை இறங்கியதாகக் கொண்டு செயல்படவேண்டும் என்பது மருத்துவ விதி. ஆகவே முதல் கேள்வியே மாறியது: "பாட்டி கூப்பிட்டால் பேசுகிறாரா? விழுங்க முடிகிறதா?"

இந்தக் கேள்வியில்தான் உயிர் இருக்கிறது. "இல்லை" என்றால் ஒரு கோடு இடப்பக்கம் பிரிகிறது: வாயில் எதையும் ஊற்றாதே, ஒருக்களித்துப் படுக்கவை, 108ஐ அழை. நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். பதற்றத்தில் அன்புள்ளவர்கள் செய்யும் முதல் தவறு இதுவே. "ஆம்" என்றால் கோடு கீழே செல்கிறது: 15 கிராம் குளுக்கோஸ், அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டிப் பொடி, தண்ணீரில் கலந்து கொடு. 15 நிமிடம் காத்திரு. மறுபடியும் அளந்து பார். இன்னும் 70க்குக் கீழே என்றால் அம்புக்குறி வளைந்து மேலே திரும்பி, மறுபடியும் 15 கிராம். ஏறிவிட்டால், அடுத்த வேளை உணவுக்கு நேரமிருப்பின் இரண்டு இட்லியோ பிஸ்கட்டும் பாலுமோ கொடு.

வளைந்து மேலே திரும்பும் அந்த அம்புக்குறியை மருத்துவர் விரலால் தொடர்ந்து பார்த்தார். ஒருமுறை சுற்றினார், இருமுறை சுற்றினார், மூன்றாம் முறையும் சுற்றிவிட்டு, "இதிலிருந்து வெளியே வருவது எப்படி?" என்று கேட்டார். சர்க்கரை ஏறாமலே இருந்தால் காலம் முழுவதும் குளுக்கோஸ் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான், அந்தப் படத்தின்படி. கணினியில் இதற்கு முடிவிலாச் சுழற்சி என்று பெயர் என்று பேத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மூன்று முறை கொடுத்தும் ஏறவில்லை என்றால் 108" என்றொரு கிளை அங்கே சேர்ந்தது.

குளுக்கோஸ் என்ற சொல்லையும் அழுத்தமாகவே எழுதச் சொன்னோம். அவசரத்துக்கு வீட்டுச் சர்க்கரையும் உதவும். ஆனால் வோக்லிபோஸ், அகார்போஸ் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு உதவாது. சாதாரணச் சர்க்கரையைக் குடல் பிரித்து உறிஞ்சுவதையே அம்மாத்திரைகள் தாமதப்படுத்துகின்றன. அத்தகையோர் வீட்டில் குளுக்கோஸ் பொடி இருந்தே ஆகவேண்டும். அதேபோல, கிளிமிபிரைடு வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு ஏறிய சர்க்கரை சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கக்கூடும். அவர்களுடைய படத்தின் கடைசிக் கட்டம் "சரியாகிவிட்டது" என்றிருக்கக் கூடாது, "மருத்துவமனைக்குச் சொல், உடன் இரு, மறுபடியும் அளந்து பார்" என்றிருக்கவேண்டும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் அருகில் அவர்கள் இன்னும் இரண்டு சொற்களை எழுதினார்கள்: யார், எங்கே. குளுக்கோஸ் டப்பா எங்கே? சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால். பகலில் யார் இருப்பார்? இரண்டு மணிமுதல் நான்குவரை யாருமில்லை. அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைபேசி எண் கட்டத்துக்குள் ஏறியது. டப்பாவும் பாட்டியின் கட்டிலருகே இடம்பெயர்ந்தது.

மருத்துவரிடம் வருவதற்கு முன்

வெளிநோயாளர் பிரிவில் மருத்துவர் முன் அமரும் நேரம் குறைவு. கேட்க நினைத்ததில் முக்கியமானது மாடிப்படி இறங்கும்போதுதான் நினைவுக்கு வரும். முந்தைய நாள் இரவு ஒரு தாளின் நடுவே நோயாளரின் பெயரை எழுதி வட்டமிடுங்கள். அதிலிருந்து மரக்கிளைபோலக் கோடுகள் இழுத்து, வலி, உறக்கம், உணவு, மலம் சிறுநீர், மருந்து, மனக்கவலை, செலவு என்று எழுதுங்கள். ஒவ்வொரு கிளையிலும் தோன்றியதைத் தோன்றிய வரிசையிலேயே குறித்துவாருங்கள். ஒழுங்கு பின்னால் வரட்டும். கடைசியில், கேட்டே தீரவேண்டிய மூன்றை மட்டும் சுழித்து வையுங்கள். வலி எங்கே என்று சொல்லத் தெரியாதவர்களுக்கு, மனித உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்து, வலிக்கும் இடத்தைத் தீட்டச் சொல்லலாம். "உடம்பெல்லாம் வலி" என்று பல மாதங்களாகக் கூறிவந்த ஒருவர், இடுப்பிலிருந்து வலது கால் சுண்டுவிரல்வரை ஒரே கோடாகத் தீட்டிக் காட்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். நரம்பு செல்லும் பாதை அது.

வரிசையே தொலைந்துபோனவர்களுக்கு

பக்கவாதத்துக்குப் பிறகும் மறதி நோயிலும் சிலருக்குக் கைகால்கள் இயங்கும். ஆனால் எதன்பின் எது என்ற ஒழுங்கு கலைந்துபோகும். பற்பசையைப் பிதுக்காமலே துலக்குவார்கள். சட்டைக்குமேல் பனியனை அணிவார்கள். பார்ப்பவர்களுக்கு அது பிடிவாதமாகத் தோன்றும். அது பிடிவாதமன்று, மூளையில் செயல்களைக் கோக்கும் இழை அறுந்திருக்கிறது.

அத்தகையோருக்குப் பாய்வுப்படம் சுமையாகிவிடும். பிரியும் பாதைகள் வேண்டாம். ஓர் அட்டைக்கு ஒரு செயல் மட்டும். வரைந்த படத்தைவிட, அவர்களுடைய சொந்தப் பல்துலக்கி, சொந்தக் குளியலறைக் குழாய், சொந்தத் துண்டு ஆகியவற்றைக் கைபேசியில் எடுத்த ஒளிப்படம் நன்கு பயன்படுகிறது. கடையில் வாங்கிய படத்திலுள்ள வாளி யாருடைய வாளியோ என்று அவர்கள் விலகிவிடக்கூடும். செயல் முடிந்ததும் அட்டையைத் திருப்பி வைத்துவிடலாம். எதிரே இருப்பது எப்போதும் அடுத்த செயல் ஒன்றுதான். ஒரு வேண்டுகோள்: அட்டைகளைக் கலைத்துக் கொடுத்து, "வரிசையாக அடுக்குங்கள் பார்க்கலாம்" என்று சோதிக்காதீர்கள். அது உரிய பயிற்சியாளர் முறையறிந்து செய்யவேண்டியது; வீட்டில் செய்தால் பெரியவரின் கண்ணில் நீர்தான் வரும்.

பேச்சிழந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். பேச முடியாதவரிடம் தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொல்வது இயல்பாகத் தோன்றும். ஆயினும் மூளையின் மொழிப்பகுதி பாதிக்கப்பட்டால், பேச்சோடு எழுத்தும் வாசிப்பும் சேர்ந்தே பாதிக்கப்படுவதுண்டு. அவர்களுக்குத் தண்ணீர், கழிப்பறை, வலி, மின்விசிறி, மகள் என ஆறேழு படங்கள் கொண்ட பலகை ஒன்று பேருதவி. அதில் "இவற்றுள் எதுவுமில்லை" என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால், தனக்கு வேண்டாத ஒன்றையே அவர் காட்டவேண்டியிருக்கும்.

படம் தவறான வழியில் அழைத்துச் சென்றால்

சுவரில் ஒட்டிய படத்துக்கு ஒரு தனி அதிகாரம் வந்துவிடுகிறது. 1858இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல், கிரிமியப் போரில் காயங்களால் மாண்டவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் மாண்ட வீரர்களே மிகுதி என்பதை வண்ண வட்டப்படமாக வரைந்து ஆட்சியாளர்கள் முன் வைத்தார். புள்ளிவிவர அட்டவணைகளைப் படிக்க மறுப்பவர்களும் படத்தைப் பார்க்காமல் இருக்கமுடியாது என்று அவர் அறிந்திருந்தார். அந்த வலிமையே தீமையாகவும் மாறும். மருத்துவர் மருந்தின் அளவைக் குறைத்துவிட்டார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆறுமாதத்துக்கு முந்தைய படம் அப்படியே தொங்குகிறது. வீட்டுக்கு வந்த புதிய பணிப்பெண் கதவைத்தான் நம்புவார். படம் இல்லாத வீட்டில் அவர் யாரையாவது கேட்டிருப்பார். ஆகவே படத்தின் மேல்மூலையில் வரைந்த தேதியை எழுதுங்கள். ஒவ்வொரு மருத்துவ வருகைக்கும் அதனை எடுத்துவாருங்கள். மாற்றம் ஏற்பட்டால் அடித்துத் திருத்தாமல் புதிதாக வரைந்து, பழையதைக் கிழித்துவிடுங்கள். பென்சிலால் வரைவதே நல்லது என்று சொல்லிவந்தோம். ஈரக்கை பட்டு எண்கள் மங்குவதைக் கண்டபின் அந்த அறிவுரையை விலக்கிக்கொண்டோம்.

வண்ணங்களைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். முதுமையில் கண்வில்லை மஞ்சளாவதால் நீலத்துக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரிவது கடினம். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னும் கடினம். வெள்ளைத் தாளில் கறுப்பு மை, பெரிய எழுத்து, நிறைய வெற்றிடம். ஒரு தாளில் ஒரு செய்தி. பிள்ளைகள் ஆர்வத்தால் பூவேலை செய்தால் ஓரத்தில் செய்யட்டும்.

வரைந்து முடித்ததும், அதுவரை அருகில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேளுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். அவர் தயங்கும் இடம் படத்தின் பிழை, அவருடைய பிழையன்று.

அந்தக் குடும்பத்தின் படத்தையும் இப்படித்தான் சோதித்தோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடமே அதைக் கொடுத்தோம். அவர் நெடுநேரம் பார்த்தார். ஒருக்களித்துப் படுத்திருக்கும் உருவத்தைச் சுட்டி, "இது யார்?" என்றார். "நீங்கள்தான் பாட்டி" என்றாள் பேத்தி. "நானா? மூக்குத்தி இல்லையே?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வார்டிலேயே இருபக்கமும் மூக்குத்தி வரையப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, எந்த நிலையில் யார் என்ன செய்யவேண்டும் என்பதை அவரே பிழையின்றிச் சொன்னார்.

சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது இன்சுலின் அளவு குறைக்கப்பட்டது. பேத்திக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால், நான்காவது படத்தை வெளிநோயாளர் பிரிவு இருக்கையில் அமர்ந்து மருமகளே வரைந்தார். வீடு திரும்பும் நாளில் உங்களுக்கும் ஒரு வெற்றுத்தாள் வேண்டுமென்றால் வார்டு செவிலியரிடம் கேளுங்கள். ஊசி போடுபவர், சமைப்பவர், பகலில் உடனிருப்பவர் ஆகிய அனைவரும் அப்போது அங்கே இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோவைக் கால்மணி நேரம் கழித்து அழைத்துக்கொள்ளலாம்.